எங்க வீட்டு வைஃபைக்கு ஒரே ஒரு ஸ்டிக்கர்

போன வாரம் செவ்வாய்க்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வீட்டு வைஃபைக்கு பாஸ்வேர்டு மாத்தணும்.

அம்புட்டுதான். இட்லிக்கு அரிசிய ஊறப் போட்டுட்டு உக்காந்தேன். அது ஊறி முடியறதுக்குள்ள இத முடிச்சிட்டுப் போயி மாவாட்டிரலாம்னு கணக்கு.

அரிசி ஊறுச்சு. மாவும் ஆட்டியாச்சு. அந்த மாவு புளிச்சு, இட்லியாகி, தோசையாகி, கடைசில பணியாரமாவும் ஆயிப்போச்சு. பாஸ்வேர்டு விவகாரம் மட்டும் சனிக்கிழமை வரைக்கும் ஓடுச்சு.

நான் சிவகாசில வீட்டுல இருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒண்ணுக்கு வேலை பாக்குறேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்லுங்களச் சரிபாக்குற வேலை. எங்கயோ ஒரு வெள்ளக்காரருக்கு முட்டி ஆபரேசன் நடந்தா, அந்த பில்லு நேரா என் மடிக்கு வந்துரும். கீழ நைட்டி, மேல ஒரு துப்பட்டா, பக்கத்துல ஒரு தட்டு காராச்சேவு. இந்தச் சொகத்த எந்த ஆபீஸ் குடுக்கும் சொல்லுங்க?

அந்தச் சொகத்துக்குத்தான் வேட்டு வச்சாங்க. திங்கக்கிழமை கம்பெனில இருந்து ஒரு மெயில். 'வீட்டிலிருந்து பணிபுரிவோர் கவனத்திற்கு'ன்னு ஆரம்பிச்சிருந்துச்சு. அப்படி ஆரம்பிச்சாலே விளங்காது.

விசயம் இதுதான். சனிக்கிழமை மத்தியானம் கம்பெனியோட செக்யூரிட்டி ஆளு வீடியோ கால்ல வருவாராம். வீட்டு வைஃபைல யாரெல்லாம் இருக்காகன்னு அவருக்குக் காட்டணுமாம். வீட்டு ஆளுங்களத் தவிர வெளியாளு ஒருத்தர் இருந்தாலும் பெயில். நோயாளிகளோட விவரம் போற லைன் இல்லையா, அதான். பெயிலானா வீட்டு வேலை ரத்து, அடுத்த வாரத்துல இருந்து சென்னை ஆபீஸ்ல வந்து உக்காரணும்.

கல்யாணத்துக்கு முன்னாடி சென்னைல ஹாஸ்டல்ல இருந்தவ நான். அந்த சாம்பார இன்னொரு தடவ குடிக்கிறதுக்கு இந்த ஜென்மத்துல தெம்பு கிடையாது.

சரி, வைஃபைல யாரு யாரு இருக்கான்னு மொதல்ல பாப்போம்னு லிஸ்டத் திறந்தேன். எண்ணிக்கிட்டு இருக்கும்போதே புதுசா ரெண்டு பேரு வந்து சேந்தாக!

தப்பு என் மேலதான். லைன் போட வந்தவரு, ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் வரிசையா போட்டு, "இதான் பாஸ்வேர்டு, ஞாபகம் வச்சிக்க லேசா இருக்கும்"னு சொல்லிட்டுப் போனாரு. நான் அத மாத்தவே இல்ல. உண்மையிலேயே லேசாத்தான் இருந்துச்சு. எங்க தெருவுக்கே லேசா இருந்துச்சு.

லிஸ்ட்ல 'மாவு மில் கேமரா'ன்னு ஒண்ணு. தெருமுக்குல மில்லு வச்சிருக்குற அண்ணாச்சி மாட்டுன கேமரா. அந்த மில்லுக்குத் திருடன் வந்தா அவனப் படம் பிடிக்கிறது என் வைஃபை!

அடுத்து 'மும்தாஜ் நைட்டீஸ்'. இது பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா. அவுக குடும்பத்துக்கு பஜார்ல துணிக்கடை இருக்கு. அக்கா மட்டும் தனியா, தெனம் சாயங்காலம் போன்ல லைவ் போட்டு நைட்டி விக்கிறாக. "வாங்க கண்ணுகளா, வாங்க! சாயம் போகாது, சுருங்காது, போட்டா கழட்ட மனசு வராது!" இந்தக் குரல் சுவரத் தாண்டி என் மீட்டிங் வரைக்கும் கேக்கும். அந்த லைவ் கடை மொத்தமும் ஓடுறது என் நெட்டுல. இத்தன வருசத்துல எனக்கு ஒரு நைட்டி கொசுறாக் குடுத்தது இல்ல.

எங்க வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். அவுக தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனில பேக்கிங் மேனேஜர். சீசன் நேரத்துல அவுக நம்ம வீட்டுக்கு வாரதே விருந்தாளி மாதிரிதான்.

"ஏங்க, நம்ம வைஃபைல தெருவே உக்காந்திருக்குங்க!"

"இருந்துட்டுப் போறாக, விடு கற்பகம். காத்துல போறதுதான? அவுக எடுத்தா நமக்குக் கொறஞ்சா போகும்?"

"கொறையாது. நான்தான் சென்னைக்குப் போவேன்."

"அய்யய்யோ! அப்ப சோறு?"

பாத்துக்கோங்க மக்களே. பொண்டாட்டி போறத விட சோறு போறதுதான் கவலை.

செவ்வாய்க்கிழமை உக்காந்தேன். மெயில்ல சொன்ன மாதிரி பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பர், குறியெல்லாம் போட்டு ஒரு பாஸ்வேர்டு கட்டுனேன். நான் பொறந்த ஊரு அச்சங்குளத்த முழுசா போட்டு, நடுவுல ரெண்டு நட்சத்திரம், ஒரு கேள்விக்குறி, எங்க ஸ்கூட்டி நம்பரு, கடைசில ஒரு ஆச்சரியக்குறி. அடிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

அதோட விட்டாகளா? வைஃபை பெட்டிக்குள்ள போயி செட்டிங் மாத்துறதுக்குத் தனியா ஒரு பாஸ்வேர்டு உண்டாம். அதையும் மாத்தச் சொல்லியிருந்தாக. அதுக்கு சாத்தூர வச்சு இன்னொண்ணு கட்டுனேன். ஆக மொத்தம் ரெண்டு. ரெண்டும் அடுத்த நிமிசம் மறந்து போச்சு. நல்லவேளை, போன்ல அடிச்சு வச்சிருந்தேன்.

ஒரு துண்டுச் சீட்டுல எழுதி ஒட்ட வேண்டியதுதானன்னு கேப்பீக.

சிவகாசிக்காரிகிட்ட வந்து கையால எழுதி ஒட்டுன்னா எப்படிங்க? எங்க ஊர்ல 'நாய் ஜாக்கிரதை' கூட நாலு கலர்ல பளபளன்னுதான் தொங்கும். நாய் இல்லாத வீட்டுலயும் தொங்கும், ஏன்னா மிச்சம் அடிச்சிருப்பாக. எங்க அப்பா அச்சாபீஸ் வச்சிருந்தவரு. இப்ப அத என் தம்பி முருகேசன் பாத்துக்கிடுறான். அப்பேர்ப்பட்ட வீட்டுல பொறந்துட்டு, கோழி கிறுக்குன மாதிரி எழுதி டிவிக்குப் பின்னாடி ஒட்டுனா வம்சத்துக்கே அசிங்கம் இல்லையா?

தம்பிக்குப் போட்டேன் போன.

"ஏலே முருகேசா, ஒரு சின்ன ஸ்டிக்கர் வேணும்லே."

"எத்தன ஆயிரம்க்கா?"

"ஒண்ணு போதும்."

"ஆயிரமா?"

"ஒண்ணே ஒண்ணுலே! டிவிக்குப் பின்னாடி ஒட்டணும்."

அந்தப் பக்கம் ஓடுன மெஷின நிறுத்தச் சொன்னான். அப்புறம் மெதுவாக் கேட்டான்.

"உடம்புக்கு எதும் முடியலையாக்கா?"

விவரத்தச் சொன்னேன். யோசிச்சான். "ஒண்ணுக்காக மெஷின ஓட்ட முடியாதுக்கா. ஆனா ஒரு வழி இருக்கு. அத்தான் கம்பெனியோட மத்தாப்புப் பெட்டி லேபிள் இன்னைக்கு ஏறுது. ஸ்டிக்கர் சீட்டுதான். ஓரத்துல ஒரு துண்டு இடம் சும்மா கிடக்கு. அதுல சொருகிரவா?"

"சொருகுலே! இடத்த எதுக்கு வீணாக்க?"

இத யாரு சொன்னது? நான்தான் சொன்னேன். அச்சாபீஸ் வீட்டுப் புத்தி. வெத்து இடத்தப் பாத்தா கை சும்மா இருக்காது. எங்க ஊர்ல கல்யாணப் பத்திரிகை ஓரத்துல மிச்சம் இருந்தா அதுல ஊறுகாய் லேபிள் ஏறும். அதுலயும் மிச்சம் இருந்தா விசிட்டிங் கார்டு ஏறும்.

எத்தன சீட்டு ஓடுதோ அத்தன ஸ்டிக்கரும் சேந்து வருமேன்னு எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். எனக்கு ஒண்ணத் தந்துட்டு மிச்சத்தக் குப்பைல போட்டுருவான்னு நெனச்சேன். அவன்கிட்ட வாயத் திறந்து சொன்னேனான்னா, சொல்லல.

வாட்ஸ்அப்ல மேட்டர் அனுப்புனேன். மேல 'கற்பகம் வீடு வைஃபை'. அதுக்குக் கீழ வைஃபை பாஸ்வேர்டு. அதுக்குக் கீழ பெட்டிக்குள்ள போற பாஸ்வேர்டு. ரெண்டும் மறக்குற கேசுன்னு ரெண்டையும் போட்டேன். பாத்தா மொட்டையா இருந்துச்சு. ஸ்டிக்கர்னா ஒரு லட்சணம் வேணாமா? அடியில 'மகிழ்ச்சியுடன் பயன்படுத்துங்கள்!'னு ஒரு வரி சேத்துவிட்டேன். ஒரு ராக்கெட் படமும் போடச் சொன்னேன்.

மறுநாளு தம்பி ஒரு ஸ்டிக்கரக் கொண்டாந்து கையில குடுத்தான். அடடா, என்னா கலரு! செவப்புல மினுங்குது, மஞ்சள்ல ராக்கெட் சீறுது. டிவிக்குப் பின்னாடி ஒட்டிட்டு, அழகா இருக்கேன்னு நானே ரெண்டு தடவ எட்டிப் பாத்தேன்.

அதப் பாத்தே ரெண்டு பாஸ்வேர்டையும் வைஃபை பெட்டில மாத்திட்டு லிஸ்டத் திறந்தா, நானும் எங்க வீட்டு டிவியும் மட்டும்தான் இருந்தோம். தெருவே காலி! எனக்கு அம்புட்டு சந்தோசம்.

சாயங்காலம் மும்தாஜ் அக்கா வந்தாக. கையில போனு, மூஞ்சில கவலை.

"ஏ கற்பகம், உங்க வைஃபைக்கு என்னாச்சு? லைவே ஏற மாட்டேங்குது. அம்பது பேரு காத்துக்கிட்டு இருக்காக."

உண்மையச் சொல்லியிருக்கலாம். 'அக்கா, கம்பெனில செக்கிங், சனிக்கிழமை வரைக்கும் பொறுங்க'ன்னு ஒரு வார்த்தை. நானோ வாய்க்கு வந்தத அவிழ்த்துவிட்டேன்.

"வயர எலி கடிச்சிருச்சுக்கா."

அக்கா மேலயும் கீழயும் பாத்தாக. "எலியா? இத்தன வருசமா கடிக்காத எலியா?"

"புது எலிக்கா."

"ம்ம்"னு ஒரு சத்தம் குடுத்துட்டுப் போயிட்டாக. அந்த 'ம்ம்'முல என்ன இருந்துச்சுன்னு அப்ப எனக்கு விளங்கல.

வியாழக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுக்காரரு வீட்டுக்கு வந்தாக. கையில பெரிய அட்டைப் பெட்டி. வருசா வருசம் சீசன்ல மொத லாட்டு பேக்கிங் முடிஞ்சதும், தெருவுல வீட்டுக்கு ஒரு மத்தாப்புப் பெட்டி குடுப்பாக. பட்டாசுக் கம்பெனி ஆளுன்னா தெருவுல அதுதான் மரியாதை. நான் அடுப்படில தோசை சுட்டுக்கிட்டு இருந்தேன். "நம்ம பெட்டிய ஷெல்புல வச்சிட்டேன்"னாக. "சரி"ன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல.

வெள்ளிக்கிழமை காலைல லேப்டாப்பத் திறந்தா, எதுவும் நகரவே மாட்டேங்குது. லிஸ்டப் பாத்தேன்.

மாவு மில் கேமரா! மும்தாஜ் நைட்டீஸ்! அது போக, இதுக்கு முன்னாடி வராத புது ஆளுகளும் வந்திருக்காக! தெருமுக்கு டீக்கடைக்காரரு பெரிய டிவி மாட்டியிருக்காருன்னு எனக்கு லிஸ்டப் பாத்துத்தான் தெரியும்.

கெளம்பிக்கிட்டு இருந்த வீட்டுக்காரரப் பிடிச்சேன்.

"உண்மையச் சொல்லுங்க. யாருகிட்ட பாஸ்வேர்டச் சொன்னீக?"

"எனக்கே நீ இன்னும் சொல்லலையேம்மா. நம்ம பெட்ரூம்லயே நான் போன் நெட்டுலதான் இருக்கேன்."

அதுவும் நெசம்தான். கம்பெனிக்காரன் சொன்னான்னு புருசனுக்கே சொல்லாம வச்சிருந்தேன் நான்!

ஒண்ணும் புரியாம மில்லப் பாத்து நடந்தேன். அண்ணாச்சி என்னப் பாத்ததும் வாயெல்லாம் பல்லு.

"வாம்மா, வாம்மா! உங்க வீட்டுக்காரரு கம்பெனி ஆஃபர் பிரமாதம்மா! எத்தனையோ கம்பெனி பாத்திருக்கேன், தட்டு குடுப்பான், டம்ளர் குடுப்பான். மத்தாப்புப் பெட்டிக்கு வைஃபை ஃப்ரீயாக் குடுத்தது நீங்கதாம்மா!"

"என்ன ஃப்ரீ?"

கல்லாப் பக்கத்துல இருந்த மத்தாப்புப் பெட்டிய எடுத்து நீட்டுனாரு.

பெட்டி மூடி மேல, நட்டநடுவுல, செவப்பா மினுங்கிக்கிட்டு, ராக்கெட்டோட, 'கற்பகம் வீடு வைஃபை'. நட்சத்திரம், கேள்விக்குறி, ஸ்கூட்டி நம்பரு, ஒண்ணு கொறையல. அடியில 'மகிழ்ச்சியுடன் பயன்படுத்துங்கள்!'

அண்ணாச்சி பாட்டுக்குப் பேசுறாரு. "அடிக்கத்தான் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு. நட்சத்திரம் எங்கன இருக்குன்னு தேடுனோம். அப்புறம் டீக்கடைக்காரரு கண்டுபிடிச்சு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டாரு."

அங்கன நின்னுக்கிட்டே தம்பிக்கு போன் போட்டேன்.

"ஏலே! மிச்ச ஸ்டிக்கர என்னலே செஞ்ச?"

"ஓரமா எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன்க்கா. கட்டிங் பாக்குறவுக லேபிளோட சேத்துக் கட்டி கம்பெனிக்கு அனுப்பிட்டாக போல. ஏன்க்கா?"

"எதுக்குலே எடுத்து வைக்கச் சொன்ன? கிழிச்சுப் போட வேண்டியதுதான?"

"அம்புட்டு நல்லா வந்திருக்கு கலரு, கிழிக்க எப்படிக்கா மனசு வரும்?"

அவன் என் ரத்தம்தான். சந்தேகமே இல்ல.

அடுத்து வீட்டுக்காரரு. அதுக்குள்ள அவுக கம்பெனிக்குப் போயிச் சேந்துட்டாக.

"ஏங்க, லேபிளோட ஒரு சின்ன ஸ்டிக்கர் வந்துச்சா?"

"வந்துச்சே. சூப்பர்வைசர் அம்மா போன்ல கேட்டாக, 'சின்ன லேபிள் ஒண்ணு சேந்து வந்திருக்கு, எங்கன ஒட்ட?'ன்னு. லோடு லாரி வாசல்ல நிக்குது, எனக்கு நூறு வேலை. மூடி மேல ஒட்டுங்கன்னுட்டேன்."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு பாக்க மாட்டீகளா?"

"லேபிள எவன் படிப்பான்? ஒட்டத்தான் செய்வோம்."

பத்து வருசமா லேபிள் ஒட்டுற மனுசன் இத்தன நாளும் ஒண்ணக்கூட படிச்சதில்லையாம்!

"அந்த லோடு எங்க இப்ப?"

"வடக்க கெளம்பிருச்சே, நேத்தே."

அப்ப பாருங்க என் நெலமைய. எங்கயோ வடக்க, பேரு தெரியாத ஊர்ல ஒருத்தரு மத்தாப்புப் பெட்டிய வாங்கிட்டு, கற்பகம் வீட்டு வைஃபைய வீதி வீதியாத் தேடப் போறாரு.

மத்தவுக வடக்க இருக்காக, அவுகளால எனக்குத் தொந்தரவு இல்ல. தெருக்காரவுக இங்கனதான இருக்காக! பாஸ்வேர்டத் திரும்ப மாத்திட்டா முடிஞ்சதுன்னு வீட்டுக்கு ஓடுனேன். செட்டிங் பாஸ்வேர்டப் பாத்துப் பாத்து அடிச்சேன்.

'தவறான பாஸ்வேர்டு.'

மறுபடியும் அடிச்சேன். நட்சத்திரத்த விரல வச்சு எண்ணி அடிச்சேன். 'தவறான பாஸ்வேர்டு.'

அடுத்த நிமிசம் என் லேப்டாப்புல நெட்டே போச்சு. டிவி நின்னுச்சு. வெளிய ஒரே சத்தம். எட்டிப் பாத்தா வாசல்ல ஒரு கூட்டம். ஒவ்வொருத்தர் கையிலயும் மத்தாப்புப் பெட்டி.

மில் அண்ணாச்சிதான் முன்னாடி நிக்கிறாரு. "என்னம்மா, ஆஃபர் ஒரே நாளுதானா? பெட்டில அப்படிப் போடலையே!"

டீக்கடைக்காரரு, "மேட்ச் பாதில நிக்குது தாயி"ங்கிறாரு.

"எனக்கும்தாங்க போச்சு!"ன்னேன்.

"உங்க வீட்டு வைஃபையே உங்களுக்கு வரலையா?"ன்னு எல்லாரும் என்னப் பரிதாபமாப் பாத்தாக. அந்தப் பார்வைய மட்டும் தாங்க முடியல.

கூட்டத்த அனுப்பிட்டு நெட்டு கம்பெனி உதவி நம்பருக்குப் போட்டேன். அந்தப் பொண்ணு சொல்லுச்சு, "வைஃபை பெட்டிக்குப் பின்னாடி ஒரு ஓட்டை இருக்கும் மேடம், ஊசிய வச்சு அமுக்குனா எல்லாம் அழிஞ்சிரும். அப்புறம் எங்க ஆள் வந்து புதுசா செட்டிங் போடணும்."

"உடனே அனுப்புங்கம்மா!"

"அவரு காரியாபட்டி பக்கம் வேலைல இருக்காரு மேடம். திங்கக்கிழமை வருவாரு."

செக்கிங் சனிக்கிழமை. போன் நெட்டுல காட்டுனா செல்லாதுன்னு மெயில்லயே போட்டிருக்கான். ஊசியக் கையில வச்சிக்கிட்டு அந்த ஓட்டையப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அழுகையே வந்துருச்சுங்க. வெளையாட்டா ஒட்டுன ஸ்டிக்கரு வேலைக்கே ஆப்பு வச்சிருச்சே! சென்னைல எந்த ஏரியால ஹாஸ்டல் பாக்கலாம்னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிருச்சு.

அப்பத்தான் சுவருக்கு அந்தப் பக்கம், சாயங்காலம் மட்டும் கேக்குற அந்தக் குரல், பட்டப்பகல்லயே.

"வாங்க கண்ணுகளா, வாங்க! இன்னைக்குப் படம் எப்படித் தெளிவா தெரியுது பாருங்க! நூலு நூலாத் தெரியுதுல்ல?"

தெருவே நெட்டு இல்லாம கெடக்கு, அக்கா லைவ் மட்டும் ஜெகஜோதியா ஓடுது. ஓட்டமா ஓடி அவுக வீட்டு வாசல்ல நின்னேன். அக்கா லைவ முடிச்சிட்டு, நைட்டி மடிச்சிக்கிட்டே நிமிந்து பாத்தாக.

"வா கற்பகம். என்ன, மூஞ்சி வாடிப் போயிருக்கு?"

"அக்கா, வைஃபை..."

"வயர எலி கடிச்சிருச்சும்மா."

மூஞ்சில ஒரு சிரிப்பு கூட இல்ல. நைட்டிய ஓரத்துக்கு ஓரம் சேத்து மடிக்கிறாக.

"அக்கா, மன்னிச்சிருங்கக்கா!"

"நான் என்னத்த மன்னிக்க? புது எலி போல, எனக்கும் பழக்கம் இல்ல."

கால்ல விழாத கொறை. மெயிலு, செக்கிங்கு, சென்னை, ஹாஸ்டல் சாம்பாரு, ஒண்ணு விடாம ஒப்பிச்சேன். கேட்டு முடிச்சதும் அக்கா நைட்டியக் கீழ வச்சாக.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் சனிக்கிழமை வரைக்கும் போன அணைச்சு வச்சிருப்பேனே, கூறுகெட்டவளே! பக்கத்து வீட்டுக்காரிகிட்ட எலிக்கதை சொல்லலாமா?"

"தப்புதான்க்கா. ஆனா நீங்க எப்படி..."

"உங்க மத்தாப்புப் பெட்டில ரெண்டாவதா ஒரு பாஸ்வேர்டு போட்டிருந்துச்சுல்ல? எல்லாரும் மொத வரிய மட்டும் பாத்தாக. நான் ரெண்டாவதையும் அடிச்சுப் பாத்தேன். உள்ள போயிருச்சு. போயிப் பாத்தா, தெருவே உக்காந்து நெட்டக் குடிக்குது, என் லைவு நொண்டுது. எல்லாரையும் வெரட்டிட்டு ரெண்டு பாஸ்வேர்டையும் மாத்திட்டேன்."

"அது என்னன்னு சொல்லுங்கக்கா. தெய்வமா இருப்பீக."

"சொல்றதா? உன்கிட்டயா? நீ அத நாலு கலர்ல அடிச்சு ஊருக்கே ஒட்டுவ!"

அதுல ஒரு எழுத்து கூட பொய் இல்லையே.

கடைசில ஒரு ஒப்பந்தம் ஆச்சு. செக்கிங் அன்னைக்கு அக்காவே வந்து என் லேப்டாப்புல பாஸ்வேர்ட அடிச்சுக் குடுப்பாக. அது முடியுற வரைக்கும் அவுக போன அணைச்சு வைப்பாக. அதுக்குப் பதிலு, அன்னைக்குச் சாயங்கால லைவ்ல நான் நின்னு நைட்டி பிடிச்சுக் காட்டணும்.

காட்டுனேன். வேற வழி? ஆஸ்பத்திரி பில் பாக்குற கைல பூப்போட்ட நைட்டியப் பிடிச்சிக்கிட்டு, "சாயம் போகாதுங்க"ன்னு ஒரு மணி நேரம் நின்னேன். அக்கா நடுவுல, "இந்தப் புள்ள நம்ம கஸ்டமருதான், எம்புட்டு கொழுகொழுன்னு இருக்கு பாருங்க, இதுக்கே பத்துதுன்னா உங்களுக்குப் பத்தாதா?"ன்னு ஒரு போடு போட்டாக. அந்த மாடல் அன்னைக்கே வித்துத் தீந்துபோச்சு. லைவப் பாத்துட்டு என் நாத்தனாரு போன் போட்டு, தனக்கு ரெண்டு எடுத்து வைக்கச் சொன்னாக.

சனிக்கிழமை காலைல வீட்டுக்காரரு சிரிச்சிக்கிட்டே வந்தாக. வடக்க இருந்து ஒரு வியாபாரி போன் பண்ணாராம். சரக்கு நல்லா இருக்கு, ஸ்டிக்கரும் நல்லா இருக்கு, வைஃபை மட்டும் வரலைன்னாராம். "என்ன சொன்னீக?"ன்னு கேட்டேன். "பக்கத்துல போயி நின்னு பாக்கச் சொன்னேன்"னாக.

மத்தியானம் அக்கா வந்தாக. லேப்டாப்பத் திருப்பி வச்சிக்கிட்டு, முந்தானையால மறைச்சுக்கிட்டு ஏதோ அடிச்சாக. ரொம்ப நேரம் அடிச்சாக. நான் எட்டிப் பாத்தேன். "அங்கிட்டுப் பாரு"ன்னாக. என் வீட்டுல, என் லேப்டாப்புல, நான் சுவரப் பாத்துக்கிட்டு நின்னேன். அப்புறம் அவுக போன அணைச்சிட்டு, காராச்சேவுத் தட்ட எடுத்துக்கிட்டு அடுப்படில போயி உக்காந்துக்கிட்டாக.

செக்யூரிட்டி ஆளு கால்ல வந்தாரு. சின்ன வயசுதான், மூஞ்சில சிரிப்பே கிடையாது. லிஸ்டக் காட்டச் சொன்னாரு. காட்டுனேன். என் லேப்டாப் ஒண்ணே ஒண்ணு. ரூட்டர் செட்டிங் பாஸ்வேர்டு புதுசா மாத்துனதான்னு கேட்டாரு. "நேத்துதான் மாறுச்சு சார்"னேன். 'மாத்துனேன்'னு சொன்னா பொய்யாயிரும்ல?

அவரு அங்கன இருந்து ஏதோ தட்டிப் பாத்தாரு. புருவம் மேல ஏறுச்சு.

"மேடம், நான் இன்னைக்குப் பாத்ததுலயே உங்க செட்டப்தான் ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கு. பாஸ்வேர்டு உங்க வீட்டுல யாருக்கெல்லாம் தெரியும்?"

"இந்த வீட்டுல யாருக்குமே தெரியாது சார்."

"உங்க ஹஸ்பண்டுக்கு?"

"தெரியாது சார்."

"எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

டிவிக்குப் பின்னாடி இருந்த ஸ்டிக்கர நெனச்சேன். அது இப்போ வெறும் ராக்கெட் படம்தான். "இல்ல சார்"னேன்.

"வெரி குட். அப்ப உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"சத்தியமாச் சொல்றேன் சார், எனக்கே தெரியாது."

அந்த மனுசன் மொத மொறையா வாய்விட்டுச் சிரிச்சாரு. "எல்லாரும் இப்படித்தான் இருக்கணும் மேடம்"னு சொல்லி பாஸ் போட்டுட்டாரு. அடுப்படில இருந்து காராச்சேவு நொறுங்குற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

அதனால, எங்க வீட்டுக்கு வாரவுக யாரும் என்கிட்ட வைஃபை பாஸ்வேர்டு கேக்காதீக, பக்கத்து வீட்டுக் கதவத் தட்டுங்க, வரிசைல எனக்குப் பின்னாடி நின்னுக்கோங்க.